வரைவு நிலையில் உள்ள மருத்துவச் சான்றறிக்கைக்குப் பொதுமக்கள் கருத்து அனுப்பினால் அது உண்மையில் படிக்கப்படுகிறதா?

பவானிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கோபிசெட்டிப்பாளையம் பகுதியில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் உள்ள ஓர் ஊரைச் சேர்ந்தவள். மூட்டுவலியால் அவதிப்படும் பெரியவர்களுக்காக எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை கூடும் சிறு குழுவில் எழுத்து வேலை என்னுடையது.

முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு எந்தச் சிகிச்சை எவ்வளவு பயன் தருகிறது என்பதை, பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டிருக்கும் ஒரு வரைவு அறிக்கையை வெளிநாட்டு அமைப்பு ஒன்று இணையத்தில் வைத்து, நான்கு வாரங்களுக்குள் யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம் என்று அறிவித்திருக்கிறது. இதைப் பார்த்துத்தான் நம் ஊர் மருத்துவர்களும் பேசுகிறார்கள் என்று எங்கள் பிசியோதெரபிஸ்ட் சொன்னதால், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானும் அதைப் படித்தேன்.

என் மனத்தை உறுத்தியது ஒன்றுதான். சிகிச்சையால் நோயாளியின் அன்றாட வாழ்க்கை மேம்பட்டதா என்பதை அந்த அறிக்கை பெரும்பாலும் 'வோமாக்' என்ற கேள்விப்பட்டியலின் மதிப்பெண்ணைக் கொண்டே அளக்கிறது. அந்தப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். மொத்தம் 24 கேள்விகள்: வலி பற்றி 5, விறைப்பு பற்றி 2, அன்றாடச் செயல்கள் பற்றி 17. அந்தப் பதினேழில் காலுறை அணிவது, காலுறையைக் கழற்றுவது, காரில் ஏறி இறங்குவது, குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏறுவது எல்லாம் உண்டு. குத்தவைத்து உட்காருவதும் சம்மணமிட்டு உட்காருவதும் இல்லை. என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் மஞ்சள் காட்டில் குத்தவைத்துக் களை எடுத்தவர். அவரிடம் வலியைப் பற்றிக் கேட்டால், "நடக்கறதுக்கு ஒண்ணும் சிரமமில்ல கண்ணு, கீழ உக்காந்தா எந்திரிக்கறதுக்குத்தான் ஆராச்சும் கை குடுக்கோணும்" என்பார். அவர் வாழ்நாளில் காலுறை அணிந்ததே இல்லை. அப்படிப்பட்டவருக்கு ஒரு சிகிச்சை பயன் தந்ததா இல்லையா என்பதை அந்தப் பதினேழு கேள்விகள் எப்படிச் சொல்லும்?

இதை எழுதி அனுப்ப விரும்புகிறேன். ஆனால் இரண்டாண்டுகளுக்கு முன் வேறோர் அமைப்பின் வரைவுக்கு நாங்கள் இரண்டு பக்கம் எழுதி அனுப்பியபோது, பெற்றுக்கொண்டோம் என்ற தானியங்கி மின்னஞ்சல் மட்டுமே வந்தது. இறுதி அறிக்கையில் நாங்கள் சொன்னதன் சுவடே இல்லை; ஏன் ஏற்கவில்லை என்றும் எங்கும் எழுதியிருக்கவில்லை. எங்கள் குழுவில் உள்ள பெரியவர்கள் அதன்பிறகு என்னிடம் எதையும் எழுதச் சொல்வதில்லை. இந்தக் கருத்துக் கேட்பு முறை உண்மையில் எப்படி நடக்கிறது, எங்களைப் போன்றவர்கள் எப்படி எழுதினால் கணக்கில் கொள்வார்கள் என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சிறுவாணி

வணக்கம் அம்மா. நான் கோவையில் சமூக மருத்துவம் கற்பிப்பவன். தாங்கள் பிடித்திருக்கும் புள்ளி சரியான புள்ளி. அது எந்த இடத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் பலன் இருக்கும் என்பதால், நடைமுறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இத்தகைய அறிக்கை ஒன்று பிறப்பதற்கு முன்பே அதன் கேள்விகள் முடிவாகிவிடுகின்றன. எந்த நோயாளிகள், எந்தச் சிகிச்சை, எதனோடு ஒப்பிடுவது, எந்த விளைவை அளப்பது என்ற நான்கையும் முதலில் எழுதி வைத்துக்கொண்ட பிறகுதான் ஆய்வுகளைத் தேடவே தொடங்குவார்கள். அமெரிக்காவில் ஏ.எச்.ஆர்.கியூ. என்று அழைக்கப்படும் நலவாழ்வு ஆராய்ச்சி மற்றும் தர முகமையின் சான்றறிக்கைகளில், இந்த முக்கியக் கேள்விகளின் வரைவையும் பொதுக் கருத்துக்கு வைக்கும் வழக்கம் உண்டு. அதன்பின் அறிக்கையின் வரைவு நான்கு வாரங்களுக்கு வைக்கப்படும். அதே காலத்தில் துறை நிபுணர்களின் மதிப்பாய்வும் நடக்கும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பும் அப்படித்தான்: வழிகாட்டி எதைப் பற்றியது என்ற எல்லை வரைவுக்கு ஒரு கருத்துக் கேட்பு, வழிகாட்டியின் வரைவுக்கு இன்னொரு கருத்துக் கேட்பு. அங்கே தனிநபரைவிடப் பதிவு செய்துகொண்ட அமைப்புகளின் கருத்துக்கே முறையான மறுமொழி கிடைக்கும் என்பதால், தனியாக எழுத விரும்புபவர்கள் ஏதேனும் ஒரு நோயாளர் அமைப்பின் வழியாக எழுதுவது நல்லது.

தங்கள் கருத்து, எதை அளக்க வேண்டும் என்பதைப் பற்றியது. அது முதற்கட்டத்தில், அதாவது கேள்விகளை வகுக்கும்போது, சொல்லப்பட்டிருந்தால் ஆய்வுகளைத் தேடும் முறையே மாறியிருக்கும். இப்போது வரைவு வந்துவிட்டது. ஆய்வுகளில் அளக்கப்படாத ஒன்றை அறிக்கை எழுதுபவர்கள் உருவாக்க முடியாது. ஆனால் "இந்த விளைவு அளக்கப்படவில்லை" என்று எழுதவும், அதனால் தங்கள் முடிவின் உறுதியைக் குறைக்கவும் அவர்களால் முடியும். நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.

அப்படி மாறியதற்கு முன்னுதாரணம் உண்டு. நாட்பட்ட சோர்வு நோய் பற்றி ஏ.எச்.ஆர்.கியூ. 2014-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் சேர்க்கப்பட்டிருந்த சில ஆய்வுகள், 'ஆக்ஸ்ஃபோர்டு வரையறை' எனப்படும் 1991-ஆம் ஆண்டின் தளர்வான வரையறையைக் கொண்டு நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தவை. சோர்வு மட்டும் இருந்தாலே நோயாளி என்று சேர்த்துவிடக்கூடிய வரையறை அது என்பது நோயாளர்களின் நீண்டநாள் ஆட்சேபம். 2016-இல் அதே முகமை ஒரு பிற்சேர்க்கை வெளியிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு வரையறை ஆய்வுகளை நீக்கிவிட்டுக் கணக்கிட்டபோது, படிப்படியாகக் கூட்டப்படும் உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு ஆதரவான சான்று போதுமானதாக இல்லை என்று முடிவு மாறியது. 'எங்களுக்குச் சிகிச்சை ஒத்துக்கொள்ளவில்லை' என்ற முறையீட்டோடு நின்றிருந்தால் இது நடந்திருக்குமா என்பது ஐயமே. 'நீங்கள் நோயாளி என்று எண்ணியவர்கள் யார்' என்ற கேள்வியே முடிவை அசைத்தது. தங்கள் கேள்வியும் அதே இனத்தைச் சேர்ந்தது: 'நீங்கள் நலம் என்று எண்ணியது எது?'

முன்பு பதில் வராதது குறித்து: அதில் தங்கள் வருத்தம் முழுக்க நியாயமானது. ஒரு கருத்துக் கேட்பு உண்மையானதா என்பதை நான் ஒரே ஒரு ஆவணத்தைக் கொண்டுதான் முடிவு செய்வேன். யார் சொன்னார், அறிக்கையின் எந்தப் பகுதி, என்ன சொன்னார், எழுதியவர்கள் என்ன பதில் அளித்தார்கள், எதை மாற்றினார்கள் என்று வரிசையாக அச்சிட்ட மறுமொழி அட்டவணை அது. ஏ.எச்.ஆர்.கியூ. இறுதி அறிக்கைக்குப் பின் அதைத் தனி ஆவணமாக வெளியிடும். அந்த அட்டவணை இல்லாத இடத்தில் கருத்துக் கேட்பது கடிதம் சேகரிப்பது மட்டுமே. ஆகவே எழுதுவதற்கு முன், இந்த அமைப்பு தன் முந்தைய அறிக்கைகளுக்கு அத்தகைய அட்டவணையை வெளியிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

நொய்யல்

நான் திருப்பூரில் மருந்தாளுநர். முறைசார் மீளாய்வுகளுக்கு, அதாவது ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் இத்தகைய அறிக்கைகளுக்கு, தரவு எடுத்துக் கொடுக்கும் வேலையும் சில ஆண்டுகள் செய்திருக்கிறேன். வரும் கருத்துகளைப் பிரித்து அடுக்கும் மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில், அம்மா எழுதப்போவது குறித்து ஒரு சிறு எச்சரிக்கை. வோமாக் பட்டியலில் 'தரையை நோக்கிக் குனிதல்' என்று ஒரு வரி உண்டு. 'உட்கார்ந்த நிலையிலிருந்து எழுந்திருத்தல்' என்பதும் உண்டு, ஆனால் எங்கே உட்கார்ந்திருந்து என்று அது சொல்லவில்லை. ஆகவே "தரை சார்ந்த எந்தச் செயலும் இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். கருத்தைப் படிப்பவர் அந்த ஒரு வரியைச் சுட்டிக்காட்டி, 'ஏற்கெனவே உள்ளது' என்று பதில் எழுதிவிட்டு அடுத்த கருத்துக்குப் போய்விடுவார். "குத்தவைத்து உட்காருதல், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்திருத்தல் ஆகிய இரண்டும் இல்லை" என்று இரண்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

இதைவிட வலுவான ஒரு சான்று தங்களுக்கு உதவும். வோமாக்கிலிருந்து விரிவாக்கி 1998-இல் வெளியான 'கூஸ்' என்ற இன்னொரு பட்டியலில் 42 கேள்விகள். அதில் குத்தவைத்து உட்காருவது இருக்கிறது. எங்கே இருக்கிறது தெரியுமா? 'விளையாட்டும் பொழுதுபோக்கும்' என்ற தலைப்பின் கீழ், ஓடுவதற்கும் குதிப்பதற்கும் பக்கத்தில். மண்டியிடுவதும் அங்கேதான். தங்கள் அம்மாவுக்கு அது கூலி. சமையலறையில் அரிவாள்மனைக்கு முன்னால் அது சோறு. நம் வீடுகளில் பலருக்கு இன்றும் அது கழிப்பறை. ஒரே அசைவு ஓரிடத்தில் விளையாட்டாகவும் இன்னோர் இடத்தில் பிழைப்பாகவும் இருப்பதை, அறிக்கை எழுதுபவர் அந்த அட்டவணையைத் தாமே திறந்து ஒரு நிமிடத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். சரிபார்க்கக்கூடிய கருத்துதான் பதில் பெறும்.

நம் நாட்டிலேயே மாற்று இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். புனேயில் உள்ள ருமாட்டிக் நோய்கள் (மூட்டு, தசை நோய்கள்) மையம், வோமாக்கை இந்திய வாழ்முறைக்கு ஏற்ப மாற்றி, குத்தவைத்தல், சம்மணமிடுதல் போன்றவற்றைச் சேர்த்த வடிவத்தைத் தன் ஆய்வுகளில் பயன்படுத்தியிருக்கிறது. அந்த வடிவத்தைப் பயன்படுத்திய ஆய்வுகள் அறிக்கையின் தேடலில் சிக்கினவா, சிக்கியிருந்தால் ஏன் விலக்கப்பட்டன என்று கேட்பது மிக நல்ல கேள்வி. விலக்கப்பட்ட ஆய்வுகளின் பட்டியல் காரணத்தோடு பின்னிணைப்பில் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். விடுபட்ட ஓர் ஆய்வைப் பெயரோடும் ஆண்டோடும் சுட்டிக்காட்டும் கருத்தை எந்தக் குழுவும் ஒதுக்க முடியாது. ஒன்று சேர்க்க வேண்டும், அல்லது ஏன் சேர்க்கவில்லை என்று எழுத வேண்டும். தேடுவதற்கு வழி தெரியவில்லை என்றால் இத்தகைய மீளாய்வுகளின் இணையத் தொகுப்பான காக்ரேன் நூலகத்திலிருந்து தொடங்கலாம்; இந்தியாவிலிருந்து அவற்றைக் கட்டணமின்றிப் படிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007-இலேயே வழி செய்தது.

சிறுவாணி ஐயா சொன்ன 'முடிவின் உறுதியைக் குறைப்பது' என்பதற்கு ஒரு தொழில்நுட்பப் பெயர் உண்டு. கிரேடு எனப்படும் முறையில் சான்றின் உறுதியை உயர்வு, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று நான்கு படிகளில் மதிப்பிடுகிறார்கள். படியை இறக்குவதற்கு ஏற்கப்பட்ட காரணங்களில் ஒன்று 'நேரடித்தன்மை இன்மை': ஆய்வில் இருந்த மக்களோ அளந்த விளைவோ, நாம் முடிவு சொல்ல விரும்பும் மக்களிடமிருந்தும் விளைவிலிருந்தும் வேறுபடுவது. தங்கள் கருத்தில் அந்தச் சொல் இருக்கட்டும். "தரையில் அமர்ந்து வாழ்பவர்களுக்கு அன்றாடச் செயல் பற்றிய இந்தச் சான்று நேரடியானதன்று, இதை நேரடித்தன்மை மதிப்பீட்டில் கருதினீர்களா?" என்று கேட்டால், அவர்களுடைய முறையின் பெயராலேயே அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

எண்ணிக்கையால் ஒன்றும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கடிதத்தை நூறு பேர் அனுப்பினாலும் அதற்குப் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். 2023 மே மாதம் அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, 40 வயது முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை மார்பக ஊடுகதிர்ப் பரிசோதனை என்று வரைவு வெளியிட்டபோது, ஆண்டுதோறும் வேண்டும் என்று கேட்ட கருத்துகள் வந்தன. 2024 ஏப்ரலில் வந்த இறுதிப் பரிந்துரை இரண்டாண்டுக்கு ஒருமுறை என்றே நின்றது. ஏன் என்பதை அவர்கள் எழுதினார்கள். ஏற்காவிட்டாலும் காரணம் கிடைப்பதே நமக்கு உரிய பங்கு என்று நான் நினைக்கிறேன்.

அமராவதி

கரூரிலிருந்து எழுதுகிறேன். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் என் துறையன்று. கருத்துக் கேட்புக் கூட்டங்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன் என்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

சாயப்பட்டறைக்கும் கல் குவாரிக்கும் நம் பகுதியில் நடக்கும் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பொதுமக்கள் கருத்துக் கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். அந்தக் கூட்டங்களில் ஆயிரம் குறை இருக்கலாம், ஆனால் தமிழ்ச் சுருக்கம் ஒன்று கையில் இருந்ததால்தான் விவசாயி எழுந்து நின்று, பக்கத்தைக் காட்டி, 'என் கிணறு இந்த வரைபடத்தில் ஏன் இல்லை' என்று கேட்க முடிந்தது. மருத்துவச் சான்றறிக்கைகளுக்கும் அந்த உரிமை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த அம்மையார் அகராதியை வைத்துக்கொண்டு படித்தது போற்றத்தக்கது. ஆனால் அப்படிப் படிக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

வெளிநாட்டு அமைப்பு நமக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதன்று. நம் நாட்டில் நிலைமை வேறு. மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்காக மத்திய நலவாழ்வு ஆராய்ச்சித் துறையின்கீழ் 2017-இல் ஏற்பட்ட அமைப்பு இருக்கிறது. அதன் நடைமுறையில் தொடர்புடையோரைக் கலந்தாலோசிப்பது ஒரு படி. தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆவது பிரிவு, பொதுமக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கைகளை வகுக்கும்போது தொடர்புடைய உண்மைகள் அனைத்தையும் தாமாகவே வெளியிட வேண்டும் என்று பொது அதிகார அமைப்புகளைப் பணிக்கிறது. சட்டங்களுக்கும் விதிகளுக்கும் 2014-இல் மத்திய அரசு வகுத்த முன்கலந்தாய்வுக் கொள்கை, வரைவைக் குறைந்தது 30 நாள் வைக்கவும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையத்தில் போடவும் சொல்கிறது. ஆகவே இங்கே இப்படி ஒரு வரைவு வரும்போது, பதில் வராவிட்டால் கேட்பதற்குச் சட்டப்படி கால் ஊன்ற ஓர் இடம் உண்டு.

இன்னொன்று. எல்லாம் திறந்த வெளியில் நடக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், எளியவர்கள் பேசுவதற்கு மட்டுமல்ல. வலியவர்கள் கதவுக்குப் பின்னால் பேசாமல் இருப்பதற்கும்தான். சிறுவாணி ஐயா சொன்ன அதே அமெரிக்க முகமை, முன்பு வேறு பெயரில் இருந்தபோது, 1994-இல் திடீர்க் கீழ்முதுகு வலிக்கு வழிகாட்டி வெளியிட்டது. பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சை தேவையில்லை என்ற அதன் போக்கு முதுகெலும்பு அறுவை மருத்துவர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் போனார்கள். முகமையையே மூடிவிடும் அளவுக்குப் பேச்சு எழுந்து, நிதி வெட்டப்பட்டு, கடைசியில் அது வழிகாட்டி எழுதும் வேலையையே விட்டுவிட்டது. சான்றை மட்டும் திரட்டித் தரும் மையங்களை 1997-இல் தொடங்கியது அதற்குப் பிறகுதான். ஆகவே கருத்து அனுப்புபவர் யாராக இருந்தாலும் தம் பெயரையும், யாரிடம் பணம் பெறுகிறார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். தங்கள் குழு யாரிடமும் நிதி பெறவில்லை என்றால், அதையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

பவானிக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு உட்கார்ந்து பின்னிணைப்பைப் பார்த்தேன். புனே வடிவத்தைப் பயன்படுத்திய ஆய்வு எதுவும் சேர்க்கப்பட்ட பட்டியலிலும் இல்லை, விலக்கப்பட்ட பட்டியலிலும் இல்லை. அவர்கள் தேடலில் அது வந்ததா என்றே தெரியவில்லை. இந்த அமைப்பு முந்தைய அறிக்கைகளுக்கு மறுமொழி அட்டவணை வெளியிட்டிருக்கிறது என்பதையும் உறுதி செய்துகொண்டேன். கீழே உள்ளவாறு எழுதியிருக்கிறேன். ஆங்கிலத்துக்கு எங்கள் பிசியோதெரபிஸ்ட் மாற்றித் தருகிறார்.

"நாங்கள் தமிழ்நாட்டின் ஈரோடு மாவட்டத்தில் உள்ள, வெளியார் நிதி எதுவும் பெறாத நோயாளர் குழு. செயல்திறன் பற்றிய முடிவு அட்டவணை குறித்து எழுதுகிறோம். இங்கு பயன்படுத்தப்பட்டுள்ள பட்டியலில் குத்தவைத்து உட்காருதலும், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்திருத்தலும் இல்லை. மற்றொரு பட்டியலில் குத்தவைத்தல் விளையாட்டுப் பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. எங்கள் உறுப்பினர்களுக்கு இவை வேலையும் சமையலும் கழிப்பறையும் ஆகும். இச்செயல்களைச் சேர்த்த இந்திய வடிவத்தைப் பயன்படுத்திய ஆய்வுகள் சேர்க்கப்பட்ட பட்டியலிலோ விலக்கப்பட்ட பட்டியலிலோ காணப்படவில்லை. அவை தேடலில் வந்தனவா? தரையில் அமர்ந்து வாழ்வோருக்கு இச்சான்று எவ்வளவு நேரடியானது என்பது மதிப்பிடப்பட்டதா? மதிப்பிடப்படவில்லை எனில், அதை முடிவுரையில் ஒரு வரம்பாகக் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அம்மாவைப் பற்றியும் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். அது வேண்டுமா, எடுத்துவிடலாமா?

நொய்யல்

எடுக்க வேண்டாம். ஆனால் அதைத் தனியாக, கடைசியில், 'எங்கள் அனுபவம்' என்ற தலைப்பின் கீழ் வையுங்கள். மேலே உள்ள வாதத்தோடு கலந்தால் முழுக் கருத்தையும் தனிமனித அனுபவம் என்ற பிரிவில் போட்டுவிடுவார்கள். பக்க எண்ணும் வரி எண்ணும் இல்லை, அவற்றைச் சேருங்கள். அமெரிக்க அமைப்பாக இருந்து கடைசி நாள் நள்ளிரவு வரை என்று சொல்லியிருந்தால், அது அவர்களுடைய கிழக்குப் பகுதி நேரம். கோடைக்காலக் கணக்கில் நமக்கு மறுநாள் காலை ஒன்பதரை மணி. ஆனாலும் ஒரு நாள் முன்பே அனுப்பி, வரும் ஒப்புகை எண்ணை இங்கே ஒருமுறை பதிந்துவையுங்கள்; மறுமொழி அட்டவணை வரும்போது தேடுவதற்கு எளிதாக இருக்கும்.

பவானிக்கரை

பக்க எண், வரி எண் சேர்த்து, அம்மாவின் பத்தியைத் தனியாக்கி, இன்று காலை அனுப்பிவிட்டேன். ஒப்புகை எண் வந்திருக்கிறது. குழுவின் பதிவேட்டில் அதை எழுதியபோது, இரண்டாண்டுகளுக்கு முன் அனுப்பியதற்கு அப்படி ஓர் எண்ணைக்கூட நாங்கள் குறித்து வைக்கவில்லை என்பது தெரிந்தது. அட்டவணை வந்ததும் அதில் எங்கள் வரியைத் தமிழில் பெயர்த்து இங்கே இடுகிறேன்.